ஆங்கிலக் கால்வாயில் கார்ப் பெர்ரிக் கட்டணங்களின் வரலாறு

இங்கிலாந்தின் தென்கரைக்கும் பிரான்சின் வடகரைக்கும் இடையிலுள்ள கடல் ஆங்கிலக் கால்வாய் எனப்படுகிறது. இதன் மிகக் குறுகிய பகுதி டோவர் நீரிணை ஆகும். அதன் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் மட்டுமே. வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஒரு கரையிலிருந்து மறுகரையைக் கண்ணால் பார்க்கலாம். ஆயினும் இந்தக் குறுகிய கடலை ஒரு வண்டியுடன் கடப்பதற்கான செலவு, கடந்த நூறு ஆண்டுகளாக வணிகப் போட்டிக்கும் அரசு விசாரணைக்கும் வழக்குக்கும் உரிய பொருளாக இருந்துவருகிறது. விடுமுறைக்குக் கேரவனை இழுத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குச் செல்லும் பிரிட்டன் குடும்பங்கள் குறைந்த கட்டணத்தைத் தேடுவது இந்த வரலாற்றின் ஒரு பகுதியாகும். கட்டணம் எப்போது குறைந்தது, யாரால் குறைந்தது, குறைந்த கட்டணத்தின் மறைவான விலையை யார் கொடுத்தார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கேரவன் என்ற சொல்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியே பலருக்கு நினைவுக்கு வரும். பிரிட்டனில் இச்சொல் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சிறிய வீட்டு வண்டியைக் குறிக்கிறது. படுக்கை, அடுப்பு, கழிவறை ஆகியவை இதற்குள் அமைந்திருக்கும்.

உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட தொடக்ககால கேரவன்களில் புகழ்பெற்றது வாண்டரர் என்பதாகும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடற்படை மருத்துவரும் எழுத்தாளருமான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் 1885ஆம் ஆண்டு இதில் பயணம் செய்தார். இதைக் குதிரைகள் இழுத்தன. 1907ஆம் ஆண்டு பிரிட்டனில் கேரவன் சங்கம் தொடங்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் 1919 முதல் எக்கிள்ஸ் நிறுவனம் கார்கள் இழுக்கும் கேரவன்களைச் செய்து விற்கத் தொடங்கியது. அதன்பின் கேரவன் பயணம் நடுத்தரக் குடும்பங்களின் பழக்கமாக மெல்ல மாறியது. உள்நாட்டில் சுற்றியவர்கள் பிரான்சுக்குச் செல்ல விரும்பியபோது கடல் குறுக்கே நின்றது.

கிரேன் காலம்

1920களில் டோவரிலிருந்து கலேவுக்கும், ஃபோக்ஸ்டனிலிருந்து புலோனுக்கும் சென்ற கப்பல்கள் பெரும்பாலும் இரயில் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. லண்டனிலிருந்து இரயிலில் வரும் பயணியைப் பாரிசுக்குச் செல்லும் இரயிலில் ஏற்றிவிடுவதே அக்கப்பல்களின் முதன்மை வேலையாக இருந்தது. சொந்தக் காரில் வருபவரை அவை தனி வாடிக்கையாளராகக் கருதவில்லை. அவரது கார் ஒரு சரக்குப் பொருளாகவே கையாளப்பட்டது.

காரை ஏற்றும் முறையும் அவ்வாறே இருந்தது. பெட்ரோல் தொட்டியைக் காலி செய்த பின், காரை வலையிலோ தட்டிலோ நிறுத்திக் கிரேனால் தூக்கிக் கப்பலில் இறக்கினர். மறுகரையில் இதே வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. இதற்கு நேரமும் ஆட்களும் மிகுதியாகத் தேவைப்பட்டன. கார் நசுங்கும் ஆபத்தும் இருந்தது. எனவே கட்டணம் உயர்ந்திருந்தது. வழித்தடத்தில் வலுவான போட்டியாளர் இல்லாததால் அதைக் குறைக்க வேண்டிய தேவையும் இரயில் நிறுவனத்துக்கு ஏற்படவில்லை.

டவுன்செண்டின் ஒரு மாதச் சோதனை

1928ஆம் ஆண்டு ஸ்டூவர்ட் டவுன்செண்ட் என்ற முன்னாள் இராணுவ அதிகாரி இந்த நிலையை மாற்றினார். காரைக் கொண்டுசெல்லச் சதர்ன் இரயில்வே கேட்ட கட்டணம் மிக அதிகம் என்று அவர் கருதினார். ஆர்ட்டிஃபிசர் என்ற சிறிய நிலக்கரிக் கப்பலை வாடகைக்கு எடுத்து, டோவருக்கும் கலேவுக்கும் இடையே கார்களை ஏற்றிச் செல்லத் தொடங்கினார். அதில் 15 கார்களும் 12 பயணிகளும் செல்லலாம்.

இதை நெடுங்காலம் நடத்துவது அவரது நோக்கமன்று. ஒரு மாதம் போட்டிக்கு நின்றால் இரயில் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துவிடும் என்பதே திட்டம். அந்த எதிர்பார்ப்பு வீண்போகவில்லை. இரயில் நிறுவனம் தன் கட்டணத்தைக் குறைத்தது. ஆனால் சோதனை ஓட்டமே இலாபம் தந்ததால் டவுன்செண்ட் சேவையைத் தொடர்ந்தார். 1930ஆம் ஆண்டு, கடற்படை விற்ற கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஒன்றை வாங்கி மாற்றியமைத்து, ஃபோர்டு என்ற பெயரில் இயக்கினார். சதர்ன் இரயில்வே 1931இல் ஆட்டோகேரியர் என்ற கார்க் கப்பலை இறக்கிப் பதிலளித்தது. கார் சரக்கு என்ற நிலையிலிருந்து வாடிக்கையாளர் என்ற நிலைக்குக் காரோட்டி உயர்ந்தது இந்தப் போட்டியால்தான்.

ஃபோர்டு கப்பலின் பின்புறத்தில் கீழே இறக்கக்கூடிய கதவு ஒன்று இருந்தது. ஆயினும் கார்கள் கிரேன் மூலமாகவே ஏற்றப்பட்டன. 1936இல் பிரான்சில் பரவிய வேலைநிறுத்தத்தின்போது கலேயில் கிரேன் இயக்குபவர்கள் பணிக்கு வரவில்லை. அப்போது பின்கதவு வழியாகக் கார்களை ஓட்டியே இறக்கினர். கிரேன் இல்லாமலும் வேலை நடக்கும் என்பதை அந்த நாள் காட்டியது.

ஓட்டி ஏற்றும் முறை

ஓட்டி ஏற்றுவது எளிதாகத் தோன்றினாலும் டோவரில் அதற்கு ஒரு தடை இருந்தது. அங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சில மீட்டர் மாறும். காலையில் துறைமுகத் தளத்துக்குச் சமமாக நிற்கும் கப்பல் தட்டு மாலையில் வெகு கீழே போய்விடும். இரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றுவதற்காக 1936இல் டோவரில் தொடங்கிய இரயில் பெர்ரித் துறையில், மூடிய நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டி நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தினர். இதற்குப் பெருஞ்செலவு ஆனது.

இரண்டாம் உலகப் போர் வேறொரு வழியைக் காட்டியது. டாங்கிகளைக் கரையில் நேராக இறக்குவதற்காக, முன்புறம் திறக்கும் கப்பல்கள் பெருமளவில் கட்டப்பட்டிருந்தன. போர் முடிந்ததும் 1946இல் ஃபிராங்க் பஸ்டர்டின் அட்லாண்டிக் ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனம் அத்தகைய கப்பல்களை வாடகைக்கு எடுத்து, டில்பரியிலிருந்து ராட்டர்டாமுக்கு வண்டிகளை ஏற்றிச் சென்றது. வண்டி தன் சக்கரத்தில் உள்ளே போய், தன் சக்கரத்திலேயே வெளியே வரும் முறை இவ்வாறு வணிகத்துக்கு வந்தது.

1953ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று டோவர் கிழக்குத் துறையில் கார்ப் பெர்ரி முனையம் திறக்கப்பட்டது. ஒரு முனை கரையில் கீல் போலப் பொருத்தப்பட்டு, மறுமுனை நீர்மட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் பாலங்கள் அங்கு அமைக்கப்பட்டன. கலேயில் இத்தகைய பாலம் சற்று முன்பே பயன்பாட்டுக்கு வந்திருந்தது. கேரவன் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய மாற்றமாகும். நீண்ட, மெல்லிய சுவர் கொண்ட வண்டியை இனிக் காரோடு சேர்த்தே ஓட்டி ஏற்றலாம்.

இதே காலத்தில் வான்வழிப் போட்டி ஒன்றும் நடந்தது. சில்வர் சிட்டி ஏர்வேஸ் 1948 ஜூலையில் இங்கிலாந்தின் லிம்பிலிருந்து பிரான்சின் லு துக்கேவுக்கு விமானத்தில் கார்களை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. பயணம் சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் ஒரு விமானத்தில் இரண்டு அல்லது மூன்று கார்களே ஏறின. நூற்றுக்கும் மேற்பட்ட கார்களை ஏற்றும் கப்பல்கள் வந்தபின் அதனால் கட்டணத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை.

அரசு நிறுவனமும் தனியார் நிறுவனமும்

1948இல் பிரிட்டனின் இரயில்வே நாட்டுடைமையாக்கப்பட்டபோது, அதன் கப்பல்களும் அரசிடம் வந்தன. டவுன்செண்ட் நிறுவனம் 1962இல் இறக்கிய புதிய கப்பலுக்குச் சூட்டிய பெயர் ஃப்ரீ என்டர்பிரைஸ். தடையற்ற தனியார் தொழில் என்பது அதன் பொருள். அரசுக் கப்பலுக்கு அருகில் அந்தப் பெயரை நிறுத்தியது ஒரு வணிக அறைகூவல் ஆகும். 1964இல் தோரசன் நிறுவனம் சவுத்தாம்ப்டனிலிருந்து செர்பூருக்கும் லு ஆவ்ருக்கும் சேவை தொடங்கியது. 1968இல் இவ்விரு தனியார் நிறுவனங்களும் இணைந்தன.

ஆனால் நிறுவனங்களின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் போட்டி கூடிவிடாது. ஒன்றையொன்று அறிந்த சில நிறுவனங்கள் ஒரே கடலில் இயங்கும்போது, அவை கட்டணத்தில் ஒத்துப்போகும் ஆசை எழுவது இயல்பு. 1970களில் பிரிட்டனின் ஏகபோக ஆணையம் கால்வாய்க் கார்ப் பெர்ரிச் சேவைகளை விசாரித்தது. 1981இல் டவுன்செண்ட் தோரசனின் தாய் நிறுவனமான யூரோப்பியன் ஃபெரீஸ், அரசின் சீலிங்க் நிறுவனத்தை வாங்க முயன்றபோது, அது பொதுநலனுக்கு எதிரானது என்று ஆணையம் தடுத்தது. பின்னாளில் ஐரோப்பிய ஆணையமும் தலையிட்டது. 1992இல் பவுண்டின் மதிப்பு சரிந்தபோது, சரக்குக் கட்டணத்தில் ஒரே மாதிரியான கூடுதல் தொகையைச் சேர்க்கப் பேசிவைத்துக்கொண்டதற்காக, 1996இல் ஐந்து பெர்ரி நிறுவனங்களுக்கு அது அபராதம் விதித்தது.

உழவர்கள் தொடங்கிய சேவை

போட்டி மேற்குப் பகுதியிலிருந்தும் வந்தது. பிரான்சின் பிரிட்டனி பகுதி உழவர்களுக்குத் தங்கள் காலிபிளவரையும் ஆர்ட்டிசோக்கையும் இங்கிலாந்தில் விற்க நேரடிக் கடல்வழி இல்லை. அலெக்சி கூர்வெனெக் என்ற உழவர் தலைவரின் முயற்சியால் அவர்கள் தாங்களே ஒரு கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினர். 1973 ஜனவரியில் கெரிஸ்னெல் என்ற கப்பல் ரோஸ்கொஃபிலிருந்து பிளிமத்துக்கு ஓடத் தொடங்கியது. காய்கறி லாரிகளுக்காகத் தொடங்கிய இச்சேவையைப் பயணிகளும் நாடினர். அதுவே இன்றைய பிரிட்டனி ஃபெரீஸ் நிறுவனம். 1978இல் அது பிளிமத்திலிருந்து ஸ்பெயினின் சாந்தாந்தருக்கும் கப்பல் விட்டது. கேரவனுடன் ஸ்பெயினுக்குச் செல்வோருக்குப் பிரான்சின் நீளம் முழுவதும் இழுத்துச் செல்லும் வேலை இதனால் மிச்சமானது.

ஒரு பவுண்டுப் பயணம்

1987 மார்ச் 6 அன்று மாலை, ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பல் பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து டோவருக்குப் புறப்பட்டது. பயணிகளில் பலர் ஒரு நாளிதழ் அளித்த சலுகையில், ஒரு பவுண்டுக்கு ஒருநாள் பயணம் வந்தவர்கள். கப்பலின் முன்கதவு மூடப்படவில்லை. வேகம் கூடியதும் வண்டித் தட்டில் கடல்நீர் புகுந்தது. ஏறத்தாழ 90 நொடிகளில் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தனர்.

கதவை மூட வேண்டிய பணியாளர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் நீதிபதி ஷீன் நடத்திய விசாரணை அவரோடு நிற்கவில்லை. குறித்த நேரத்துக்கு முன்பே கப்பலை எடுக்கும்படி இருந்த அழுத்தத்தையும், கதவு மூடியிருப்பதைக் காட்டும் விளக்குகள் வேண்டும் என்று முன்னரே கேட்கப்பட்டும் நிர்வாகம் பொருத்தாததையும் அது வெளிப்படுத்தியது.

கட்டணத்தைக் குறைத்த அமைப்பே இவ்விபத்தில் ஆபத்தாக மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். இருபுறமும் கதவு, நடுவில் தடுப்புச் சுவரே இல்லாத நீண்ட தட்டு, விரைவாக ஏற்றி விரைவாக இறக்குதல் ஆகியவையே கார்ப் பெர்ரியை மலிவாக்கின. அதே தடுப்பற்ற தட்டில்தான் நீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கப்பலைக் கவிழ்த்தது. இதன்பின் கதவு நிலையைக் காட்டும் கருவிகள் கட்டாயமாக்கப்பட்டன. கப்பல் நிலைப்புத்தன்மைக்கான உலக விதிகளும் கடுமையாயின.

சுரங்கமும் வரியில்லாக் கடையும்

1994 மே 6 அன்று கால்வாய்ச் சுரங்கம் திறக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் கார்களை ஏற்றும் இரயில் சேவை பொதுமக்களுக்குத் தொடங்கியது. 35 நிமிடங்களில் மறுகரையை அடைய முடிந்தது. பெர்ரி நிறுவனங்கள் கட்டணத்தை வெகுவாகக் குறைத்துப் போட்டியிட்டன. 1990களின் நடுப்பகுதி காரோட்டிகளுக்குப் பொற்காலமாக அமைந்தது.

அந்த மலிவுக்குப் பின்னால் இன்னொரு வருவாய் இருந்தது. கப்பலில் இருந்த வரியில்லாக் கடைகளில் மதுவும் சிகரெட்டும் வாசனைத் திரவியமும் பெருமளவில் விற்றன. அந்த இலாபம் பயணச்சீட்டின் விலையைத் தாங்கியது. கடைக்கு வரட்டும் என்பதற்காகவே பயணியை மலிவாக ஏற்றினர். 1999 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே இச்சலுகை நிறுத்தப்பட்டது. அதன்பின் பயணச்சீட்டே தன் செலவை ஈட்ட வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டே டோவரின் இரு பெரிய போட்டியாளர்கள் தங்கள் சேவைகளை ஒன்றிணைத்திருந்தனர்.

2004 மே மாதம் ஸ்பீட்ஃபெரீஸ் என்ற சிறு நிறுவனம் ஒரே ஒரு விரைவுக் கப்பலுடன் டோவருக்கும் புலோனுக்கும் இடையே மலிவுச் சேவை தொடங்கியது. ஏறக்குறைய டவுன்செண்டின் பழைய முயற்சியைப் போன்றதே இதுவும். ஆனால் எரிபொருள் விலை உயர்ந்த 2008ஆம் ஆண்டு நவம்பரில் அது நின்றுபோனது.

கேரவனுக்கான கட்டணம் எவ்வாறு அமைகிறது

பெர்ரி நிறுவனம் விற்பது கடல் தூரத்தை அன்று, கப்பல் தட்டில் உள்ள இடத்தையே. அந்த இடம் வரிசை நீளத்தால் அளக்கப்படுகிறது. ஒரு நடுத்தரக் கார் சுமார் 4.5 மீட்டர் நீளமுடையது. கேரவனை மாட்டினால் மொத்த நீளம் 10 முதல் 12 மீட்டர் வரை ஆகும்.

உயரமும் இங்கு முக்கியமானது. தாழ்ந்த கூரை கொண்ட தட்டுகளில் கார்களை இரண்டு அடுக்காக நிறுத்தலாம். கேரவனை அங்கு ஏற்ற முடியாது. அது லாரிகள் நிற்கும் உயரமான தட்டுக்குத்தான் போக வேண்டும். சுரங்க இரயிலிலும் 1.85 மீட்டருக்கு மேற்பட்ட வண்டிகள் ஒற்றை அடுக்குப் பெட்டிகளில் ஏற்றப்படுகின்றன. எனவே கேரவன் உரிமையாளர் தனக்கு முன் நிற்கும் காருடன் மட்டுமன்றி, ஆண்டு முழுவதும் வாடிக்கையாக வரும் லாரியுடனும் இடத்துக்குப் போட்டியிடுகிறார்.

காலமும் விலையைத் தீர்மானிக்கிறது. அச்சிட்ட கட்டண அட்டைகள் இருந்த நாள்களில் பயண நேரங்கள் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. கோடை விடுமுறையின் சனிக்கிழமைக் காலைக்கு ஒரு விலை, வசந்தகாலத்தின் செவ்வாய் இரவுக்கு வேறு விலை. இன்று கணினி அதே வேலையைக் கப்பலுக்குக் கப்பல், மணிக்கு மணி செய்கிறது.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டவர்கள் குறைந்த கட்டணத்தைப் பெறும் வழிகள் சில:

1. நீளத்தையும் உயரத்தையும் சரியாக அளந்து பதிவு செய்தல். கேரவனின் இழுகம்பியும், பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கியும், கூரைப் பெட்டியும் கணக்கில் சேரும். குறைத்துச் சொன்னால் துறைமுகத்தில் கூடுதல் தொகை கேட்கப்படலாம்.

2. பள்ளி விடுமுறை, வார இறுதி ஆகியவற்றைத் தவிர்த்தல். வார நடுவிலும் இரவிலும் செல்லும் கப்பல்களில் பொதுவாக விலை குறைவு.

3. முன்கூட்டியே பதிவு செய்தல். உயரமான தட்டில் இடம் குறைவு என்பதால் கேரவனுக்கு இது காரைவிட முக்கியம்.

4. முழுப் பயணச் செலவையும் கூட்டிப் பார்த்தல். டோவர் வழி மலிவாகத் தோன்றலாம். ஆனால் இங்கிலாந்தின் மேற்கிலிருந்து புறப்பட்டுப் பிரிட்டனிக்குச் செல்பவருக்கு எரிபொருள், வழித்தங்கல், பிரான்சின் நெடுஞ்சாலைச் சுங்கம் ஆகியவை சேரும். அங்கே கேரவன் இழுக்கும் காருக்குத் தனிக் காரைவிட உயர்ந்த சுங்க வகுப்பு உண்டு. பிளிமத் அல்லது போர்ட்ஸ்மத் வழி அப்போது இலாபமாகலாம்.

5. சங்கங்களின் வழியாகப் பதிவு செய்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தல். பிரிட்டனின் கேரவன் சங்கங்கள் உறுப்பினர்களுக்குப் பெர்ரிப் பயணச்சீட்டுகளை ஏற்பாடு செய்கின்றன. தனி ஆளாகப் பேரம் பேச முடியாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து பேரம் பேசுவது இதன் அடிப்படை.

2022க்குப் பின்

2022 மார்ச் 17 அன்று பி அண்டு ஓ ஃபெரீஸ் நிறுவனம் தன் மாலுமிகளில் 786 பேரைப் பணிநீக்கம் செய்தது. முன்னரே பதிவு செய்யப்பட்ட காணொளிச் செய்தி மூலம் பலருக்கு இது அறிவிக்கப்பட்டது. அவர்கள் இடத்தில் குறைந்த ஊதியம் பெறும் ஒப்பந்த ஊழியர்கள் அமர்த்தப்பட்டனர். புதிய ஊழியரின் சராசரி ஊதியம் மணிக்கு 5.50 பவுண்டு என்று நிறுவனத்தின் தலைமை அதிகாரி பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார். அப்போது நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 8.91 பவுண்டு. தொழிற்சங்கங்களுடன் கலந்துபேச வேண்டும் என்ற சட்டக் கடமையை நிறுவனம் மீறியதையும் அவர் ஒப்புக்கொண்டார். இதையடுத்து 2023இல் பிரிட்டன் மாலுமிகள் ஊதியச் சட்டத்தை இயற்றியது. பிரான்சும் கால்வாய்ப் பெர்ரி ஊழியர்களுக்காக அதே ஆண்டு சட்டம் கொண்டுவந்தது.

முடிவுரை

கால்வாய்க் கட்டணங்களின் வரலாற்றில் இரண்டு வகையான மலிவைக் காணலாம். 1928இல் டவுன்செண்டின் நிலக்கரிக் கப்பலும், 1953இல் ஏறி இறங்கும் பாலமும், 1973இல் பிரிட்டனி உழவர்களின் கப்பலும் கொண்டுவந்த மலிவு, தேவையற்ற செலவையோ தனியுரிமையையோ நீக்கியதால் வந்தது. அதில் பயணி பெற்றார். வேறு யாரும் இழக்கவில்லை. 1987க்கு முன் அவசரத்தால் கிடைத்த மலிவும், 2022இல் மாலுமியின் ஊதியத்தைக் குறைத்துத் தேடிய மலிவும் வேறு வகையானவை. அவற்றின் விலையைப் பாதுகாப்பும் தொழிலாளரும் கொடுத்தனர்.

குறைந்த கட்டணத்தைத் தேடுவது பயணியின் உரிமை. அந்தத் தேடலே 33 கிலோமீட்டர் கடலை நடுத்தரக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டது. அந்தக் கட்டணம் எதனால் குறைந்தது என்று கேட்பதும் அதே தேடலின் ஒரு பகுதியே என்பதை இந்த நூற்றாண்டு வரலாறு உணர்த்துகிறது.